பாகியல் பாய்ம ஓட்டச் சமன்பாடுகள்: சீர்மையும் இடைவிட்ட தன்மையும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எந்தச் சமன்பாடுகளைப் பற்றிய பேச்சு இது?

நேவியர்–ஸ்டோக்ஸ் சமன்பாடுகளைப் பற்றியது. குளோட் லூயி நேவியர் 1822இல் மூலக்கூறுகளுக்கு இடையிலான விசைகளை ஊகித்து இவற்றை எட்டினார். ஜார்ஜ் கேப்ரியல் ஸ்டோக்ஸ் 1845இல் தகைவுக்கும் திரிபு வீதத்துக்கும் உள்ள உறவை அடிப்படையாக வைத்து, இன்று பாடநூல்களில் காணும் முறையில் வருவித்தார். உள்ளே இருப்பது நியூட்டனின் இரண்டாம் விதிதான்: பாய்மத்தின் ஒரு சிறு கூறு பெறும் முடுக்கம், அழுத்தச் சரிவும் பாகியல் விசையும் (பாய்ம அடுக்குகள் ஒன்றோடொன்று உராய்வதால் எழுவது) சேர்ந்து தருவது. அதனுடன் பாய்மம் அமுங்காது என்ற நிபந்தனையும் சேர்கிறது.

சிக்கல் முழுவதும் முடுக்கம் என்ற சொல்லில் ஒளிந்திருக்கிறது. பாய்மக் கூறு தன் திசைவேகத்தாலேயே வேறோர் இடத்துக்குப் போய்ச் சேர்கிறது. ஆகவே முடுக்கத்தில் திசைவேகமும் அதன் சரிவும் (இடத்துக்கு இடம் அது மாறும் வீதம்) பெருக்கலாக வருகின்றன. இந்த நேரியலற்ற உறுப்பு வேறுபாடுகளைக் கூர்மையாக்குகிறது. பாகியல் உறுப்பு அவற்றை மழுக்குகிறது. இரண்டில் எது வெல்லும் என்ற போட்டியின் கதையே கீழே வருவது.

‘சீர்மை’ என்று இங்கே எதைக் கேட்கிறார்கள்?

தொடக்கத்தில் திசைவேகப் புலம் வழவழப்பாக, எத்தனை முறை வேண்டுமானாலும் வகையிடத்தக்கதாக இருந்தால், பிறகு எல்லாக் காலத்துக்கும் அது அப்படியே இருக்குமா, அல்லது முடிவுள்ள ஒரு நேரத்தில் எங்காவது திசைவேகம் வரம்பின்றி உயர்ந்து தீர்வு முறிந்துவிடுமா என்பதுதான் கேள்வி. கிளே கணித நிறுவனம் 2000ஆம் ஆண்டில் அறிவித்த ஏழு பரிசுக் கணக்குகளில் இதுவும் ஒன்று. பரிசுத் தொகை 10 லட்சம் அமெரிக்க டாலர். சீர்மை எப்போதும் நிலைக்கும் என்று நிறுவினாலும் பரிசு உண்டு. முறிவுக்கு ஓர் எடுத்துக்காட்டை நிறுவிக் காட்டினாலும் பரிசு உண்டு.

கேள்வியை வாசிக்கும்போது பலர் ஒன்றைத் தவறவிடுகிறார்கள். ஓட்டம் சிக்கலாக, கணிக்க முடியாததாக, கொந்தளிப்பாக இருப்பது சீர்மைக்கு எதிரானதன்று. எவ்வளவு குழம்பிய ஓட்டமும் வழவழப்பாக இருக்கலாம். இங்கே முறிவு என்பது குழப்பத்தைக் குறிப்பதில்லை. ஏதோ ஓர் அளவு முடிவிலியை எட்டுவதைக் குறிக்கிறது.

இடைவிட்ட தன்மை என்பது என்ன?

மிக மெல்லிய சூடான கம்பி ஒன்றைக் கொந்தளிப்பு ஓட்டத்துக்குள் வைத்தால், அது குளிரும் வேகத்தைக் கொண்டு அந்தப் புள்ளியில் திசைவேகம் நொடிக்கு நொடி எப்படி மாறுகிறது என்று பதிவு செய்யலாம். அந்தப் பதிவைத் திரையில் பார்த்தால் ஒழுங்கற்ற அலைபோல இருக்கும். பெரிதாக வியப்பதற்கு ஒன்றுமில்லை. அதே பதிவை ஒருமுறை வகையிட்டுப் பாருங்கள். நெடுநேரம் கிட்டத்தட்டத் தட்டையாகக் கோடு ஓடுகிறது, திடீரென்று குறுகிய ஒரு துண்டில் ஊசி ஊசியாகப் பாய்ச்சல்கள், மீண்டும் அமைதி. இரண்டாம் முறை வகையிட்டால் அமைதி இன்னும் நீள்கிறது, ஊசிகள் இன்னும் உயர்கின்றன. அமைதியும் ஆவேசமும் இப்படி மாறி மாறி வருவதே இடைவிட்ட தன்மை.

ஜார்ஜ் பேச்சலரும் ஆல்பர்ட் டவுன்சென்டும் 1949இல் இதை ஆய்வகத்தில் அளந்து காட்டினார்கள். அவர்கள் பயன்படுத்திய அளவுகோல் தட்டை அளவை, அதாவது நான்காம் அடுக்கின் சராசரியை இரண்டாம் அடுக்குச் சராசரியின் வர்க்கத்தால் வகுத்துக் கிடைக்கும் எண். இயல்நிலைப் பரவலுக்கு அது 3. திசைவேகத்தின் வகைக்கெழுக்களுக்கு அது 3ஐ விட அதிகமாக வந்தது. வகைக்கெழுவின் வரிசை உயர உயரவும், ரெனால்ட்ஸ் எண் (பாகியல் உறுப்போடு ஒப்பிட நேரியலற்ற உறுப்பு எவ்வளவு வலியது என்பதன் அளவு) கூடக் கூடவும் மேலும் ஏறியது.

இவ்விரண்டையும் ஏன் ஒன்றாகப் பேச வேண்டும்? ஒன்று கணிதம், மற்றது ஆய்வக அவதானிப்பு அல்லவா?

கணிதத்தில் நம் கையில் இருப்பவை சராசரிகள். நமக்குத் தேவைப்படுவதோ உச்சங்களின் மீதான கட்டுப்பாடு. சராசரிக்கும் உச்சத்துக்கும் இடையே எவ்வளவு தூரம் இருக்கலாம் என்பதை அளக்கும் பெயரே இடைவிட்ட தன்மை. ஆகவே இவை ஒரே கேள்வியை இரு பக்கங்களிலிருந்து பார்ப்பவை என்பதே என் துணிபு.

ஒரு சிறு கணக்கு இதைத் தெளிவாக்கும். ஓட்டம் நிகழும் கனசதுரத்தை 100 அறைகளாகப் பிரிக்கலாம். பாகுநிலையால், அதாவது பாய்மத்தின் உள் உராய்வால், வெப்பமாக மாறும் ஆற்றலின் சராசரி, அறைக்கு 1 அலகு என்று கொள்வோம். எல்லா அறைகளிலும் சமமாக 1 என்று இருந்தால், வர்க்கத்தின் சராசரியும் 1, கனத்தின் சராசரியும் 1. இப்போது இழப்பு முழுவதும் ஒரே ஓர் அறைக்குள் ஒதுங்கியது என்று வையுங்கள்: அந்த அறையில் 100, மற்றவற்றில் 0. சராசரி மாறவில்லை, 1 தான். ஆனால் வர்க்கத்தின் சராசரி 100 ஆகிவிட்டது. கனத்தின் சராசரி 10,000. முதல் சராசரியை மட்டும் கண்காணிப்பவருக்கு இந்த இரண்டு ஓட்டங்களும் ஒன்றே. நேவியர்–ஸ்டோக்ஸ் பற்றி நாம் உறுதியாக அறிந்தவற்றில் மிகப் பெரும்பகுதி இந்த முதல் சராசரியைப் பற்றியதுதான்.

இரு பரிமாண ஓட்டத்துக்கு விடை கிடைத்துவிட்டதாமே?

ஆம். ஜான் லெரே 1930களில் தொடங்கியதை ஓல்கா லேடிழென்ஸ்காயா 1950களின் இறுதியில் எல்லைச் சுவருள்ள பரப்புகளுக்கும் நிறைவு செய்தார்; இரு பரிமாணத்தில் வழவழப்பான தீர்வு எப்போதும் வழவழப்பாகவே இருக்கும். காரணம் எளியது. தட்டையான ஓட்டத்தில் சுழிப்பின் (பாய்மக் கூறு தன்னைத்தானே சுற்றும் வேகத்தின் அளவு) அச்சு எப்போதும் தளத்துக்குச் செங்குத்து; அதைப் பிடித்து இழுத்து நீட்ட ஓட்டத்தால் முடியாது. முப்பரிமாணத்தில் சுழிக்குழல் நீளும், நீள்கையில் மெலியும், மெலிகையில் விரைந்து சுழலும். அந்த நீட்சி உறுப்பு ஒன்றே இரு பரிமாணத்தையும் முப்பரிமாணத்தையும் பிரிக்கும் கோடு.

முப்பரிமாணத்தில் நிரூபணம் சரியாக எந்த வரியில் மாட்டிக்கொள்கிறது?

இதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்பது பயன் தரும்; ஏனெனில் தடை எவ்வளவு சிறியது, அதே வேளையில் எவ்வளவு பிடிவாதமானது என்பது அப்போதுதான் புரியும்.

சுழிப்பின் வர்க்கத்தை வெளி முழுவதும் தொகையிட்டுக் கிடைப்பது என்ஸ்ட்ரோஃபி. அது முடிவுள்ளதாக இருக்கும் வரை தீர்வு வழவழப்பாக இருக்கும் என்பது தெரிந்த செய்தி. வெளி விசை இல்லாத ஓட்டத்தில் இயக்க ஆற்றல் குறைந்துகொண்டே வருவதால், என்ஸ்ட்ரோஃபியைக் காலம் முழுவதும் தொகையிட்டால் கிடைப்பது தொடக்க ஆற்றலால் கட்டுப்படுகிறது. இது நம் கையில் உள்ள முதலீடு.

என்ஸ்ட்ரோஃபி எவ்வளவு வேகமாக வளரலாம்? நீட்சி உறுப்பை வழக்கமான சமனிலிகளால் மதிப்பிட்டு, அதன் ஒரு பகுதியைப் பாகியல் உறுப்புக்குள் கரைத்துவிட்டால், வளர்ச்சி வீதம் என்ஸ்ட்ரோஃபியின் கனத்தைத் தாண்டாது என்று கிடைக்கிறது. முன்னால் நிற்கும் மாறிலியில் பாகுநிலையின் கனம் வகுக்கும் எண்ணாக வரும். கனத்துக்குப் பதில் வர்க்கம் வந்திருந்தால் வேலை முடிந்திருக்கும்: இரு பக்கங்களையும் என்ஸ்ட்ரோஃபியால் வகுத்தால் இடப்பக்கம் மடக்கையின் வளர்ச்சி, வலப்பக்கம் என்ஸ்ட்ரோஃபியின் முதலடுக்கு, அதன் காலத் தொகையீடு முடிவுள்ளது என்று ஏற்கெனவே தெரியும், ஆகவே முறிவு இல்லை. வந்திருப்பதோ கனம். அதனால் என்ஸ்ட்ரோஃபியின் வர்க்கத்தைத் தொகையிட்டுக் கட்டுப்படுத்த வேண்டியிருக்கிறது. நம்மிடம் இருப்பது முதலடுக்கின் தொகையீடு மட்டும்.

இந்தச் சமனிலியைத் தலைகீழாகவும் வாசிக்கலாம். ஒரு நேரத்தில் முறிவு நேர்வதாயின், அதற்கு எஞ்சியுள்ள காலத்தின் வர்க்கமூலத்துக்கு எதிர்விகிதத்திலாவது என்ஸ்ட்ரோஃபி உயர்ந்தாக வேண்டும். வர்க்கமூலத்துக்கு எதிர்விகிதத்தில் உயரும் சார்பின் தொகையீடு முடிவுள்ளது! உச்சம் முடிவிலிக்குப் போகிறது, சராசரியோ எதையும் காட்டிக்கொடுப்பதில்லை. இடைவிட்ட தன்மையின் மிகக் கொடிய வடிவம் இதுதான்.

மதிப்பீட்டையே கூர்மையாக்கி கனத்தை வர்க்கமாக்க முடியாதா என்று கேட்கலாம். லூ லூவும் சார்லஸ் டோயரிங்கும் 2008இல் கணினி உகப்பாக்கத்தின் வழியே, கனத்துக்கு ஒத்த வேகத்தில் அந்தக் கணத்தில் வளரும் ஓட்டங்கள் உண்டு என்று காட்டினர். ஒன்றையொன்று நோக்கி மோதும் இரு சுழி வளையங்கள்போல அவை இருந்தன. ஆகவே ஒரு கணத்துக்கான மதிப்பீட்டில் தளர்வில்லை. ஆனால் அந்த ஓட்டங்கள் அதே வேகத்தை நெடுநேரம் தக்கவைப்பதில்லை. முன்னேற்றம் வரவேண்டுமானால், அது காலப்போக்கில் நேரியலற்ற உறுப்பு தன் வலுவை எப்படி இழக்கிறது என்பதைப் பிடிப்பதிலிருந்துதான் வர வேண்டும்.

‘மிகைநெருக்கடி’ என்று இந்தச் சமன்பாட்டைச் சொல்வது ஏன்?

ஒரு தீர்வை எடுத்து, நீளங்களைப் பாதியாகவும், காலத்தை நாலில் ஒன்றாகவும் சுருக்கி, திசைவேகத்தை இரட்டித்தால், அதுவும் அதே சமன்பாட்டின் தீர்வாகவே இருக்கும். இப்படிச் சுருக்கிய ஓட்டத்தின் இயக்க ஆற்றல் என்னவாகிறது? திசைவேகத்தின் வர்க்கம் 4 மடங்கு, கனஅளவு எட்டில் ஒன்று; ஆக ஆற்றல் பாதி. நுண்ணிய அளவுக்குப் போகப் போக, அதே முரட்டுத்தனத்தைக் குறைந்த ஆற்றலில் வாங்கலாம் என்று இதற்குப் பொருள். ஆற்றல் விதி பெரிய அளவுகளில் காவலாக நிற்கிறது; நுண்ணளவுகளில் அதன் பிடி தளர்கிறது. இதைத்தான் மிகைநெருக்கடி என்கிறார்கள். இரு பரிமாணத்தில் அதே கணக்கைப் போட்டால் ஆற்றல் மாறாமல் நிற்கும். அங்கே நிரூபணம் நிறைவேறியதில் வியப்பில்லை.

லெரே 1934இல் என்ன நிறுவினார்?

முப்பரிமாணத்தில் எந்த முடிவுள்ள ஆற்றலுடைய தொடக்க நிலைக்கும், எல்லாக் காலத்துக்கும் நிலைக்கும் ஒரு தீர்வாவது உண்டு என்று. ஆனால் அது நலிந்த தீர்வு: ஒவ்வொரு புள்ளியிலும் சமன்பாட்டை நிறைவேற்றும் என்று உறுதி இல்லை, வழவழப்பான சோதனைச் சார்புகளால் பெருக்கித் தொகையிட்டுப் பார்க்கையில் நிறைவேற்றும். லெரே இவற்றைக் ‘கொந்தளிப்புத் தீர்வுகள்’ என்றே அழைத்தார். கொந்தளிப்புக்கும் முறிவுக்கும் உறவுண்டு என்பது அவருடைய ஐயம். எபர்ஹார்ட் ஹோஃப் 1951இல் சுவர்களால் சூழப்பட்ட ஓட்டங்களுக்கு இதை விரித்தார்.

லெரேயின் தீர்வுகள் முறியக்கூடிய நேரங்கள் அனைத்தையும் சேர்த்தாலும் மொத்த நீளம் பூஜ்யம். மேலே சொன்ன வர்க்கமூல வளர்ச்சியிலிருந்து இன்னும் கூர்மையான முடிவு வருகிறது: அந்த நேரங்களின் தொகுப்புக்குரிய பரிமாணம் அரையைத் தாண்டாது. வெளி விசை இல்லையென்றால் போதிய காலம் கழிந்தபின் தீர்வு வழவழப்பாகிவிடும் என்பதும் அவர் கண்டதே.

முறிவு உண்டென்றே வைத்துக்கொண்டால், அது எவ்வளவு இடத்தைப் பிடிக்கும்?

மிகக் குறைவான இடத்தை. விளாடிமிர் ஷெஃபர் 1970களில் தொடங்கிய பாதையில், லூயிஸ் கஃபரெல்லி, ராபர்ட் கோன், லூயிஸ் நிரன்பெர்க் ஆகிய மூவரும் 1982இல் நிறுவியது இது: தக்க நலிந்த தீர்வுகளில் முறிவுப் புள்ளிகளின் தொகுப்புக்கு, காலவெளியில் ஒரு பரிமாண அளவு பூஜ்யம். இந்த அளவையில் காலம் நீளத்தின் வர்க்கமாக எண்ணப்படுகிறது. காலத்தின் வழியே தொடர்ந்து நீளும் ஒரு வளைகோடாக முறிவு நிற்க முடியாது. ஒரு கணத்தில் வெளியில் ஒரு முழு இழையும் முறிந்துபோக முடியாது. தூசுபோல் சிதறிய புள்ளிகளாக மட்டுமே அது இருக்கக்கூடும். ஒரே ஒரு புள்ளி, ஒரே ஒரு கணம் என்பதை இந்தத் தேற்றமும் விலக்கவில்லை. 1982க்குப் பின் இந்த எல்லையைக் கணிசமாகக் குறைக்க முடியவில்லை என்பதை நினைக்கையில் அந்தத் தேற்றத்தின் வலு விளங்கும்.

கொல்மோகொரோவின் கோட்பாட்டில் இடைவிட்ட தன்மைக்கு இடம் எங்கே?

1941ஆம் ஆண்டு வடிவத்தில் இடமே இல்லை. பெரிய சுழிகள் சிறியவற்றுக்கும், அவை இன்னும் சிறியவற்றுக்கும் ஆற்றலைக் கைமாற்றிக்கொண்டே போக, இறுதியில் பாகுநிலை அதை வெப்பமாக்குகிறது என்ற படத்தில், கைமாறும் வீதம் ஒன்றே போதும் என்று ஆந்திரேய் கொல்மோகொரோவ் எடுத்துக்கொண்டார். அதிலிருந்து, இடைவெளி குறைந்த இரு புள்ளிகளின் திசைவேக வேறுபாட்டைப் பல அடுக்குகளுக்கு உயர்த்திச் சராசரி எடுத்தால், அடுக்கில் மூன்றில் ஒரு பங்கு அந்த இடைவெளியின் அடுக்காக வரும். ஆற்றல் நிறமாலையின் (எந்த அளவுச் சுழிகளில் எவ்வளவு ஆற்றல் என்ற கணக்கு) புகழ்பெற்ற 5/3 விதியும் இதன் உடன்பிறப்பு. மூன்றாம் அடுக்குக்கான 4/5 விதியோ வேறு தகுதி உடையது. சில கருதுகோள்களின் கீழ் சமன்பாட்டிலிருந்தே வருவிக்கப்படுவது.

லெவ் லாண்டாவ் விரைவிலேயே எதிர்ப்புத் தெரிவித்தார்: ஆற்றல் இழப்பு இடத்துக்கு இடம், நேரத்துக்கு நேரம் ஏறி இறங்குகையில் ஒரே சராசரியைக் கொண்டு எல்லா அடுக்குகளையும் எப்படிச் சொல்வது? மேலே நூறு அறைகளில் கண்டதே அந்த எதிர்ப்பின் சாரம். கொல்மோகொரோவும் அலெக்சாந்தர் ஒபுகோவும் 1962இல் திருத்திய கோட்பாட்டை வெளியிட்டனர். அன்செல்மே, கான்ய, ஹாப்ஃபிங்கர், அன்டோனியா ஆகிய நால்வரும் 1984இல் 18ஆம் அடுக்கு வரை அளந்தபோது, அடுக்கு கூடக் கூட விலகல் பெருகுவது தெளிவானது. ஆறாம் அடுக்குக்கு 1941 கோட்பாடு தருவது 2. அளவீடு ஏறத்தாழ 1.8. ஷீ–லெவெக் 1994இல் முன்மொழிந்த சூத்திரம் 1.78 என்கிறது, 12ஆம் அடுக்குக்கு அது தருவது 2.94, பழைய கோட்பாடு தருவது 4.

அப்படியானால் ஆய்வகத்தில் காணும் இடைவிட்ட தன்மை, முறிவு நெருங்குகிறது என்பதற்குச் சான்றா?

இல்லை, இந்தக் குழப்பம் பரவலாக இருப்பதால் கணக்கோடு சொல்கிறேன்.

ஒரு குறிப்பிட்ட நுண்ணளவில் இயங்கும் சுழிகள் வெளி முழுவதையும் நிரப்பாமல், 3க்குக் குறைந்த ஒரு பரிமாணமுடைய புள்ளித் தொகுப்பின் அருகே மட்டும் குவிந்திருக்கின்றன என்று கொள்வோம். அந்தப் பரிமாணத்தை இடைவிட்ட பரிமாணம் என்று அழைக்கலாம். மொத்த ஆற்றல் முடிவுள்ளது. குறுகிய இடத்துக்குள் அடைபட்டால் அங்கே திசைவேகம் உயர்ந்தாக வேண்டும். மிக மோசமான நிலையில், 3க்கும் இடைவிட்ட பரிமாணத்துக்கும் உள்ள வேறுபாட்டில் பாதியை அடுக்காகக் கொண்டு, அளவு சுருங்கச் சுருங்கத் திசைவேகம் ஏறும். நேரியலற்ற உறுப்பு பாகியல் உறுப்பை வெல்ல வேண்டுமானால், திசைவேகம் நீளத்துக்கு எதிர்விகிதத்தைவிட வேகமாக ஏற வேண்டும். ஆகவே அந்தப் பாதி 1ஐத் தாண்ட வேண்டும். அதாவது இடைவிட்ட பரிமாணம் 1க்குக் கீழே விழ வேண்டும். கஃபரெல்லி–கோன்–நிரன்பெர்க் தேற்றத்தில் வந்த அதே 1 இங்கேயும் தலைகாட்டுவது தற்செயல் அன்று. இரண்டுக்கும் பின்னால் இருப்பது அந்த ஆற்றல்–சுருக்கக் கணக்குத்தான்.

அளவீடுகள் என்ன சொல்கின்றன? ஆறாம் அடுக்கில் 2க்கும் 1.8க்கும் உள்ள வேறுபாடான 0.2ஐ எளிய மாதிரியில் பொருத்தினால் இடைவிட்ட பரிமாணம் ஏறத்தாழ 2.8 வருகிறது. அபாய எல்லையான 1 வெகு தொலைவில் இருக்கிறது. உண்மைக் கொந்தளிப்பு இடைவிட்டது, ஆனால் மிதமாக இடைவிட்டது. கணிதத்தின் இடர்ப்பாடு, ஓட்டம் இந்த மிதத்தை எப்போதும் காக்கும் என்று சமன்பாட்டிலிருந்து வருவிக்க முடியாமல் இருப்பதே.

ஒரே பரிமாணத்தைக் கொண்டு எல்லா அடுக்குகளையும் விளக்க முடியாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஜார்ஜியோ பாரிசியும் யூரியல் ஃப்ரிஷும் 1985இல் முன்வைத்த பல்பகுவியல் படம், ஒவ்வொரு தீவிரத்துக்கும் ஒவ்வொரு பரிமாணத்தை வைக்கிறது. மிகத் தீவிரமானவை மெல்லிய சுழி இழைகள் என்பதே ஷீ–லெவெக் சூத்திரத்தின் ஊகம்; இழையின் பரிமாணம் 1. இந்த 1ஐயும் மேற்சொன்ன 1ஐயும் முடிச்சுப் போட ஆசை வரும். நான் போடமாட்டேன்.

இடைவிட்ட தன்மையைத் தேற்றமாகவே எழுதியவர்கள் உண்டா?

உண்டு. ஜான் கிப்பனும் சார்லஸ் டோயரிங்கும் 2005இல், லெரேயின் தீர்வுகளுக்குக் கால அச்சையே ‘நல்ல’ இடைவெளிகள், ‘கெட்ட’ இடைவெளிகள் என்று பிரிக்கலாம் என்று காட்டினர். நல்ல இடைவெளிகளில் தீர்வு கட்டுக்குள் நிற்கும். முறிவுக்கு வாய்ப்புள்ளது கெட்டவற்றில் மட்டுமே. கெட்டவை மிகக் குறுகியவை; ரெனால்ட்ஸ் எண் உயர உயர இன்னும் குறுகுபவை; அவற்றுள் திசைவேகமும் அதன் சரிவும் மிகப் பெரிய கீழ்வரம்புகளைத் தாண்டியே இருக்கும். சூடான கம்பியின் பதிவில் தட்டைக் கோடும் ஊசியும் மாறி மாறி வருவதைச் சமனிலிகளின் மொழியில் கண்டதுபோல் இருக்கிறது. கெட்ட இடைவெளிகள் உண்மையில் நிகழ்ந்தாக வேண்டும் என்று தேற்றம் சொல்லவில்லை. நிகழ்ந்தால் இப்படித்தான் இருக்கும் என்கிறது.

அலெக்ஸி செஸ்கிடோவும் ரோமன் ஷ்விட்காயும் 2014இல் வேறொரு வழி எடுத்தனர். ஒவ்வொரு கணத்திலும் பாகுநிலை ஆட்சிக்கு வரும் அலையெண்ணை (நீள அளவின் தலைகீழ்) வரையறுத்து, அதன் 5/2 அடுக்கைக் காலத்தின் மீது தொகையிட்டால் முடிவுள்ளதாக வரும் என்றால் தீர்வு சீரானது என்று நிறுவினர். எல்லா லெரே–ஹோஃப் தீர்வுகளுக்கும் உறுதியாகத் தெரிந்தது முதலடுக்கின் தொகையீடு மட்டுமே. 1க்கும் 5/2க்கும் இடையே உள்ள பள்ளம்தான் இந்த மொழியில் பரிசுக் கணக்கு. காலச் சராசரியில் இடைவிட்ட தன்மை குறைவாக, 1941 படத்துக்கு அருகில் இருந்தால் தீர்வு சீரானதே என்பதும் அதே ஆய்வின் முடிவு.

நிபந்தனையோடு கூடிய முடிவுகள் வேறு எவை?

நிறைய. ஜியோவான்னி ப்ரோடி 1959இலும் ஜேம்ஸ் செரின் 1962இலும் தொடங்கிய வரிசையில், திசைவேகத்தின் தக்க அடுக்கு காலவெளியில் தொகையிடத்தக்கதாயின் சீர்மை உண்டு என்று தெரியும். அதன் கடைசி முனையை எஸ்கௌரியாசா, செரெகின், ஷ்வெராக் மூவரும் 2003இல் மூடினர். பீட்டர் கான்ஸ்டன்டினும் சார்லஸ் ஃபெஃபர்மனும் 1993இல் தந்தது வடிவியல் சார்ந்தது: சுழிப்பு பெரிதாக உள்ள பகுதிகளில் அதன் திசை வழுவழுப்பாக மாறினால் முறிவு இல்லை. எனக்குப் பிடித்தது இந்தக் கடைசி வகை. ஊசி எவ்வளவு உயரம் என்று கேட்காமல், ஊசிகள் எந்தப் பக்கம் சாய்கின்றன என்று அது கேட்கிறது.

இடைவிட்ட தன்மையைக் கொண்டே விபரீதத் தீர்வுகளைக் கட்டியிருப்பதாகக் கேள்விப்பட்டேன், உண்மையா?

உண்மை. ட்ரிஸ்டன் பக்மாஸ்டரும் வ்லாட் விகோலும் 2019இல், முடிவுள்ள ஆற்றலுடைய நலிந்த தீர்வுகள் தனித்தவை அல்ல, அதாவது ஒரே தொடக்க நிலைக்கு ஒன்றுக்கு மேற்பட்ட தீர்வுகள் இருக்கலாம் என்று நிறுவினர். எந்த வழவழப்பான கால வளைவரையை நீங்கள் வரைந்து தந்தாலும், அது எங்கும் பூஜ்யத்துக்குக் கீழே இறங்காத வரை, அதையே இயக்க ஆற்றலாகக் கொண்ட ஒரு நலிந்த தீர்வைக் கட்டலாம். நின்றிருந்த பாய்மம் தானே கிளம்பி ஓடுவதும் இதில் அடக்கம்.

அவர்களுடைய முறை, மேலும் மேலும் நுண்ணிய அதிர்வுகளை அடுக்கிக்கொண்டே போவது. பாகுநிலை இல்லாத ஆய்லர் சமன்பாட்டுக்கு வெளி முழுவதும் பரவிய அதிர்வுகளே போதும். பாகுநிலை இருக்கும்போது அத்தகைய அதிர்வுகளைப் பாகியல் உறுப்பு விழுங்கிவிடும். ஆகவே இடைவிட்ட பரிமாணம் 1க்கும் குறைவாகக் குவிந்த கட்டுமானக் கற்களை அவர்கள் வடித்தார்கள். மேலே நாம் போட்ட கணக்கு காட்டிய அதே எல்லை! இவை லெரேயின் ஆற்றல் சமனிலிக்கு உட்பட்ட தீர்வுகள் அல்ல என்பதை மறக்கக்கூடாது. லெரே தீர்வுகளே தனித்தவையாக இல்லாமல் போகலாம் என்பதை ஆல்பிரிட்டன், ப்ரூயே, கொலொம்போ மூவரும் 2022இல் நிறுவினர். அதற்குத் தக்கபடி தேர்ந்தெடுத்த ஒரு வெளி விசை தேவைப்பட்டது.

கணினியில் ஓட்டிப் பார்த்து விடை சொல்ல முடியாதா?

முடியாது, ஆனால் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது. நேரடிக் கணிப்பில் தேவைப்படும் கட்டப் புள்ளிகளின் எண்ணிக்கை ரெனால்ட்ஸ் எண்ணின் 9/4 அடுக்காக ஏறுகிறது. ரெனால்ட்ஸ் எண் 10 மடங்கானால் புள்ளிகள் ஏறத்தாழ 178 மடங்கு. யூங், ஜாய், ஸ்ரீனிவாசன் மூவரும் 2015இல் பக்கத்துக்கு 8192 புள்ளிகள், மொத்தம் சுமார் 55,000 கோடி புள்ளிகள் கொண்ட கணிப்பில், சராசரியைப் போல ஒரு லட்சம் மடங்கு உயர்ந்த ஆற்றல் இழப்பையும் என்ஸ்ட்ரோஃபியையும் கண்டனர். அந்த 9/4 என்ற அடுக்கும்கூட இடைவிட்ட தன்மையைக் கணக்கில் எடுக்காதது. ஊசிகளின் நுனியைச் சரியாகப் பிடிக்க இன்னும் நுண்ணிய கட்டம் வேண்டும். ஒரு லட்சம் மடங்கு என்பது பேரெண். ஆனால் அது முடிவுள்ள எண். எந்தக் கணிப்பும் அதற்கு மேல் சொல்ல முடியாது.

இயற்கையில் திசைவேகம் முடிவிலிக்குப் போகாதே. பிறகு எதற்கு இந்தக் கவலை?

போகாதுதான். காற்றில் மூலக்கூறுகள் மோதலுக்கு மோதல் கடக்கும் சராசரித் தூரம் ஒரு மைக்ரோமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. அந்த அளவை நெருங்குமுன்பே பாய்மத்தைத் தொடர்ச்சியான பொருளாகக் கருதுவது பொருந்தாமல் போகும். திசைவேகம் ஒலியின் வேகத்தை நெருங்கினால் அமுங்காமை என்ற எடுகோளும் உடையும். முறிவு நிறுவப்பட்டால், சமன்பாடு தன் எல்லையைத் தானே மீறுகிறது என்று பொருள்.

தீர்த்துவிட்டதாக அவ்வப்போது வரும் நிரூபணங்களை எப்படி அணுகுவது?

டெரன்ஸ் டாவ் 2016இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு நல்ல உரைகல். நேரியலற்ற உறுப்பைக் குறிப்பிட்ட வகையில் சராசரியாக்கி, அதே ஆற்றல் விதிக்கும் அதே வகைச் சமனிலிகளுக்கும் உட்பட்ட ஒரு மாற்றுச் சமன்பாட்டை அவர் அமைத்தார். அதன் வழவழப்பான தீர்வு ஒன்று முடிவுள்ள நேரத்தில் முறிகிறது. ஆற்றல் ஓர் அளவில் முழுதும் சேரும்வரை காத்திருந்து, பின்பு சடாரென அடுத்த நுண்ணளவுக்குத் தாவும்படி அது வடிவமைக்கப்பட்டது. ஆகவே சீர்மையை நிறுவியதாகச் சொல்லும் கட்டுரையைக் கையில் எடுத்ததும், நேரியலற்ற உறுப்பின் எந்தத் தனிப் பண்பை ஆசிரியர் பயன்படுத்துகிறார் என்று தேடுங்கள். ஆற்றல் விதியும் பொதுவான சமனிலிகளும் மட்டுமே கண்ணில் பட்டால், டாவின் சமன்பாட்டுக்கும் அந்த நிரூபணம் பொருந்திவிடும். அங்கே முறிவு உண்டு என்பது தெரிந்ததால், எங்கோ ஒரு வரி தவறு. பெரும்பாலும் அந்த வரி, காலச் சராசரியாக மட்டுமே தெரிந்த ஓர் அளவை ஒவ்வொரு கணத்துக்கும் பொருந்துவதாக எடுத்துக்கொண்ட இடமாகவே இருக்கும்.